ஏழாம் டோக்கன், எட்டாம் டோக்கன்

மருத்துவ உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த கிளினிக்கைத் திருத்தி அமைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பாளையங்கோட்டையில் மூன்றே அறை. முன்னறையில் நான், நடு அறையில் டாக்டரம்மா, பின்னறையில் ரத்தப் பரிசோதனை செய்யும் அக்கா. நான் விலங்கியலில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் ஓராண்டு டிப்ளமோவும் முடித்திருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் செய்வதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் என் வேலை. எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தேன்.

"ஏட்டி, பைய நட. தரை தேஞ்சிரப் போவுது" என்பார் பின்னறை அக்கா.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கே பெஞ்சை நிறைத்துவிடுவார்கள். ஒவ்வொருவராக உட்கார வைத்து, ரத்தம் எடுத்து, அதன் பிறகு லேபிள் எழுதிக் குழாயில் ஒட்டுவதுதான் அங்கே வழக்கம். எனக்கு அது ஆமை வேலையாகப் பட்டது. டோக்கன் கொடுக்கும்போதே லேபிளையும் எழுதி, சர்க்கரைக்கான சாம்பல் நிற மூடி போட்ட குழாய்களில் ஒட்டி, வரிசையாக ஸ்டாண்டில் நிறுத்தி வைக்க ஆரம்பித்தேன். பாதி நேரத்தில் பெஞ்சு காலியானது. டாக்டரம்மா அதைக் கவனித்தாரா என்று தெரியாது. ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இது போதாதென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். டோக்கன் எண்ணுக்கு நேரே நரம்பு எப்படி இருந்தது, எத்தனை குத்தில் ரத்தம் வந்தது என்று எழுதுவேன். ஒரே குத்தில் வந்தால் ஒரு நட்சத்திரம்.

மூன்றாவது மாதக் கடைசியில், நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பேர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஒல்லி. வலது பாதத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண். இன்னொருவர் நல்ல பருமன், துணைக்கு வந்தவர். "வந்தது வந்தாச்சு, நானும் ஒண்ணு பாத்துட்டுப் போறேன்" என்று அவரும் டோக்கன் கேட்டார்.

ஒல்லியானவர் பேரைச் சொன்னார், எழுதினேன். பருமனானவரும் அதே பேரைச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன்.

"தாத்தா பேரு தாயி" என்றார் அவர். "இவங்க அப்பாவும் எங்க அப்பாவும் அண்ணன் தம்பி. ரெண்டு வீட்டுலயும் மூத்தவனுக்குத் தாத்தா பேரு."

"இனிஷியல்?"

அதுவும் ஒரே எழுத்து.

"வயசு?"

"ஒரு அம்பத்தஞ்சு போடு" என்றார் ஒல்லி.

"உங்களுக்கு?"

"அவனுக்குப் போட்டதயே போடு. மூணு மாசம் எளையவன் நான். அதுக்காவ அவன் சண்டைக்கு வர மாட்டான்."

ஃபோன் நம்பரும் ஒன்றுதான், ஒல்லியானவரின் மகன் திருப்பூரில் வைத்திருக்கும் நம்பர். "எங்கிட்டயும் ஒரு ஃபோன் கெடக்கு, அது டார்ச் லைட்டுக்குத்தான் ஆவும்" என்றார் பருமனானவர்.

எனக்கு இதெல்லாம் புதிதே இல்லை. எங்கள் வீட்டிலேயே ஒரே தாத்தா பெயரோடு மூன்று பேர் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டப்பெயர்தான் ஆளைக் காட்டும், பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. தெரிந்திருந்தும், டோக்கன் எண்ணைத் தவிர எல்லாம் ஒன்று போல இரண்டு லேபிள் எழுதி, ஏழாம் குழாயிலும் எட்டாம் குழாயிலும் ஒட்டி வைத்தேன். ஏழு ஒல்லியானவருக்கு, எட்டு பருமனானவருக்கு.

முறை வந்ததும் வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எண்ணைச் சொல்லவில்லை.

"நீ போலே மொதல்ல" என்று ஒல்லியானவர் தம்பியைத் தள்ளிவிட்டார்.

"ஏம்லே, ஊசியக் கண்டா மூத்திரம் போயிருமோ?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் ஏழாம் குழாயை எடுத்தேன். முன்னால் நீண்ட கையை மட்டும்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு ரிசல்ட் வந்தது. பருமனானவருக்குச் சர்க்கரை இருநூற்று எண்பதுக்கு மேல். ஒல்லியானவருக்குச் சரியாக இருந்தது. டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடியும் புண்ணைப் பார்த்தார். ரத்த ஓட்டம் எப்படி என்று அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி, புண்ணுக்கு மட்டும் மருந்து எழுதினார். பருமனானவருக்குச் சர்க்கரை மாத்திரை. அவர் முகம் செத்துவிட்டது.

"ரெண்டு மாசமா என்னயப் பயங்காட்டுனியே, இப்பம் யாருக்குலே சர்க்கரை?" என்று கேலி செய்துகொண்டே ஒல்லியானவர் நொண்டி நொண்டிப் படியிறங்கினார்.

மத்தியானம் கிளினிக்கைப் பூட்டும் முன் உட்கார்ந்து நட்சத்திரங்களை எண்ணினேன். ஏழாம் எண்ணுக்கு நேரே, 'சதைப்பற்றான கை, நரம்பு தெரியவில்லை, இரண்டு குத்து.' எட்டாம் எண்ணுக்கு நேரே, 'நரம்பு கயிறு மாதிரி, ஒரே குத்து', ஒரு நட்சத்திரம். இரண்டு தரம் வாசித்தேன். பருமனானவரின் ரத்தம் ஒல்லியானவரின் குழாயில் போயிருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன்.

"ஏட்டி, வாய மூடிட்டு இரி" என்றார் மெதுவாக. "அடுத்த வாரம் வரத்தான போறாங்க. மறுபடி எடுத்துப் பாத்துக்கிடலாம். இந்த வாரம்லா உன்னய நிரந்தரம் ஆக்கணுமான்னு முடிவு பண்ணுதாங்க."

என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் நானும் அதை யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வாரமும் சர்க்கரை இல்லாதவர் மாத்திரை போடுவார், வயலில் மயங்கி விழுவார். சர்க்கரை உள்ளவரின் கால் இன்னும் அழுகும். டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"லேபிள் எப்ப ஒட்டினே?"

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே, டாக்டர்."

"முதல்ல அந்த ஆளைப் பிடி. என்கிட்ட அப்புறம் பேசலாம்."

திருப்பூர் மகன் ஊர் டீக்கடை நம்பரைக் கொடுத்தார். டீக்கடைக்காரர் பேரைக் கேட்டதும், "அந்தப் பேருல இங்கன பதினோரு ஆளு உண்டும்மா. யாரு வேணும்?" என்றார்.

"இன்னைக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தாங்கள்லா, அவங்க."

"ரெண்டு பேர்லா வந்தாங்க. பம்புசெட்டா, பரோட்டாவா?"

"குண்டா இருப்பாங்களே, அவங்க."

"அப்பம் பரோட்டா. இரிங்க, இங்கனதான் தலையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

பருமனானவர் ஃபோனில் வந்தார். "மத்தியானம் ஒரு மாத்திரை போட்டாச்சு தாயி. தலை சுத்துது, கை நடுங்குது. சர்க்கரை கூடுனா அப்படித்தான் இருக்கும்னு இவங்க சொல்லுதாங்க."

"உங்களுக்குச் சர்க்கரையே இல்ல அண்ணாச்சி. நான்தான் ரத்தத்த மாத்திட்டேன். இப்பமே சீனி போட்டு டீ குடிங்க, நெறையப் போடச் சொல்லுங்க. வீட்டுக்குப் போயிச் சோறு சாப்பிடுங்க, தனியா இருக்காதீங்க. மாத்திரையத் தொடாதீங்க."

"ஊருக்கு வந்ததுலருந்து சீனி இல்லாமத்தான குடிச்சிட்டுக் கெடக்கேன்" என்றவர் திரும்பிக் கத்தினார், "எலேய், சீனியப் போடுலே!"

டாக்டரம்மாவும் அவரோடு பேசினார். அன்று சாயங்காலம் வரை நான் அரை மணிக்கு ஒரு தரம் டீக்கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நடுக்கம் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் மறுபடி வந்தார்கள். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, நடந்தது என்ன என்று டாக்டரம்மாவே அவர்களிடம் சொன்னார். நானும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் 'பரவால்ல' என்று சொல்லவில்லை. இந்த முறை வெறுங்குழாயில் ரத்தம் எடுத்து, அவரவர் வாயால் பேரும் தகப்பனார் பேரும் சொல்லச் சொல்லி, அவரவர் கண் முன்னால் எழுதி ஒட்டினேன். ஒல்லியானவருக்கு முன்னூறைத் தொட்டிருந்தது. "நேத்து முழுக்க அவனயில்லா கேலி பண்ணிட்டுத் திரிஞ்சேன்" என்றார். தம்பி சிரிக்கவில்லை. அண்ணன் கையிலிருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு மூன்று மாதம் முதலிலிருந்து. டாக்டரம்மா அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

ஒல்லியானவர் வாரா வாரம் கட்டு மாற்ற வந்தார். முதல் வாரம் என்னைப் பார்த்துவிட்டு, "அந்த அக்கா இல்லியா?" என்று கேட்டார். அக்கா கட்ட, நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த இரண்டு வாரமும் அப்படியேதான். நான்காவது வாரம் அக்காவுக்குக் கை ஓயவில்லை. ஒல்லியானவர் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, அவராகவே காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார்.

பழைய கட்டைப் பிரித்தேன். வாடை இல்லை. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை ஏறியிருந்தது. அளந்து பார்த்தேன், பாதியாகச் சுருங்கியிருந்தது.

"எப்படி இருக்கு?"

"ஆறிக்கிட்டு வருது அண்ணாச்சி."

குனிந்து தானும் பார்த்தார். "நீ சொன்னாச் சரிதான். இருந்தாலும் டாக்டரம்மாவும் ஒரு எட்டு வந்து பாத்துரட்டும்."

கையைக் கழுவிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனேன்.