மேல்தோலில் உதிர்ந்த மேகலா

டாட்டூ போடறவனுக்குக் கைவேலை கொஞ்சம், வாய்வேலைதான் ரொம்பங்க. ஊசி போடற நர்சம்மா, காது குத்தற ஆசாரி, பியூட்டி பார்லர் வெச்சிருக்கற அக்கா, இப்படி மனுசத் தோலோட மல்லுக்கட்டற சொந்தங்களே, என்ற கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

லாரியும் தோலும்

நாமக்கல்ல பத்து வருசம் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிச்சவன் நான். பெயிண்ட் வாசம் மூச்சுக்கு ஒத்துக்காமப் போகவே, சேலத்துல டாட்டூ கத்துக்கப் போனேன். மொத நாளே மாஸ்டர் படம் போட்டுக் காட்டுனாரு. மேல இருக்கறது மேல்தோல். அது தினமும் கொஞ்சங் கொஞ்சமா உதிர்ந்து, மாசத்துக்குள்ள புதுசாயிரும். அதுக்குக் கீழ அடித்தோல், மை அங்க எறங்குனாத்தான் நிக்கும். இன்னும் ஆழமாப் போனாக் கொழுப்பு. அதைத் தொட்டா மை பரவி எழுத்து வீங்கிக்கும்.

அடடா, இதென்ன நம்ம பட்டி, பிரைமர், பெயிண்ட் மாதிரியே இருக்குதேன்னு பட்டறைக் கூட்டாளி முருகேசன்கிட்டப் பெருமையாச் சொன்னேன். அவன் தின்னருல கையைத் தொடச்சுக்கிட்டே சொன்னான்: "லாரிக்கு மேல அடிச்சாப் போதும்டா, மனுசனுக்கு உள்ள அடிக்கோணும். உனக்கு வருமாடா அது?"

மொதோ ஆளு

வரலைங்க. கடை தொறந்ததும் மொதல்ல வந்தது சேந்தமங்கலத்து லாரி டிரைவர் செல்வராசு. வடக்க லோடு போனா நாலு நாளைக்குப் போனே பண்றதில்லையாம். "உங்களுக்கு என்ற நெனப்பு இருக்குதா இல்லியா?"ன்னு பொண்டாட்டி மேகலா புடிச்சுக்கிட்டாங்களாம். அந்தப் பேரைக் கையில எழுதிக்கிட்டுப் போய் நின்னா எல்லாஞ் செரியாப் போயிரும்னு மனுசன் கணக்கு.

எங்க கொழுப்பைத் தொட்டுருவனோன்னு பயந்து பயந்து ஊசியை மேலாப்புல ஓட்டுனேன். அவரு ஒருதடவைகூட முகஞ்சுளிக்கல. வலிக்கலைன்னா ஊசி உள்ள எறங்கலைன்னு அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கோணுமா இல்லியா? கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கிளம்பறப்ப சொன்னாரு: "வலியே தெரியலீங்க. உங்க கையி பூவுங்க, பூ!"

அம்மிணி வந்தாங்க

ஒரு மாசங் கழிச்சு மத்தியானத்துல மேகலா உள்ள வந்தாங்க. கையில துணிப்பை, பின்னால தலை குனிஞ்ச செல்வராசு. அவரு கையை இழுத்து என்ற மேசை மேல வெச்சாங்க. பேரு இருந்த எடம் கழுவிவிட்டாப்பல சுத்தமா இருக்குது. "லோடு போறப்ப இருந்துது, வாரப்ப இல்லை. எவளுக்காக அழிச்சாரு?"ங்கறாங்க. பைல துணிமணி. அப்படியே பள்ளிபாளையத்துல அம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறிருவாங்களாம்.

"அம்மிணி, தப்பு என்மேலதானுங்க. மேல்தோல் வாடகை ஊடு, மாசத்துல காலி பண்ணிரும். அடித்தோல்தான் சொந்த ஊடு. நான் பயந்துக்கிட்டு வாடகை ஊட்டுல எழுதிட்டேன்"னு கெஞ்சுனேன். என்னை மேலயுங் கீழயும் பாத்துட்டு, தன் கையை நீட்டுனாங்க: "ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கறீங்களோ என்னமோ. அதே மாதிரி அவரு பேரை எனக்கு எழுதுங்க. மாசத்துல போச்சுன்னா நம்பறேன். நின்னுதுன்னா நான் பள்ளிபாளையம்தான்."

முப்பது நாள்

அங்கதாங்க வினை. அதுக்குள்ள எனக்குத் தொழில் படிஞ்சு, ஊசி தன்னால அடித்தோலுக்கு எறங்குது. தப்பா எழுதறது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பக்கத்துல நின்னு செல்வராசு "மேல, மேல"ன்னு முனகறாரு.

அந்த மாசம் எனக்குச் சோறே எறங்கலைங்க. ஒரு குடும்பம் என்ற ஊசியால பிரிஞ்சா நான் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டுக் கடை தொறப்பேன்? மூணாவது வாரம் செல்வராசு அழாத கொறையாப் போன் பண்ணுனாரு: "'ல்வராசு' போயிருச்சுங்க. 'செ' மட்டும் அசைய மாட்டேங்குது. அதை மட்டும் எதுக்குங்க அப்படி அழுத்துனீங்க?"

தீர்ப்பு

முப்பத்தி மூணாம் நாள் ரெண்டு பேரும் வந்தாங்க. அம்மிணி கையில துணிப்பை இல்ல, அந்த 'செ' உட்பட ஒரு எழுத்தும் இல்ல. செல்வராசு மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. உடனே அவரை உக்கார வெச்சு, மேகலான்னு ஒழுங்கா அடித்தோலுக்கு எறக்குனேன். அவரு கத்துன கத்துல டீக்கடைக்காரர் ஓடி வந்துட்டாரு.

சந்தோசத்துல, "நீங்களும் கையை நீட்டுங்க அம்மிணி, நிரந்தரமா எழுதிரலாம்"னேன். அவங்க கையைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க: "எனக்கு மேலாப்புலயே போதுமுங்க. மாசாமாசம் வாரேன். அவரு தெனமும் போன் பண்ணுனா எழுதிக்கறேன், இல்லீனா உட்டுடலாம்."

தொழிலை ஒழுங்காக் கத்துக்கிட்டதுக்கப்புறமும், ஒரு குடும்பம் நல்லா இருக்கோணும்னு மாசத்துக்கு ஒருக்கா வேணும்னே தப்பா எழுதற டாட்டூக்காரன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தானுங்க இருப்பேன்.