முதலாளியின் ஞாபகமும் என் புரோகிராமும்

எண்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதோடு நானும் வந்தேன். எர்ணாகுளத்தில் கொஞ்ச காலம் படித்த படிப்பு. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். நான் தளும்பித் தளும்பியே நடந்தேன்.

வெளிநாட்டு வியாபாரிகளோடு தந்தி மாதிரி தட்டச்சில் பேசிக்கொண்ட பழைய டெலக்ஸ் செய்திகளையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றினோம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டிரண்டு வார்த்தைகளை ஜோடியாக்கி, எந்தச் செய்தியில் எந்த இடம் என்று அட்டவணையில் போட்டேன். மூன்று வார்த்தை தேட வேண்டுமா, இரண்டு ஜோடிகளை இணைத்தால் போதும். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலாளியும் தமிழ்க்காரர்தான், எந்த வருஷத்துப் பேரமும் அவர் தலைக்குள் இருக்கும். வெளிநாட்டுக்காரன் ஒருவன் சரக்கு மட்டம் என்று தகராறு செய்ய, "சாம்பிள் மாதிரியே இருக்குன்னு ஒத்துக்கிட்டு, ‘அக்செப்டட் ஆஸ் சாம்பிள்’னு அவனே முன்ன டெலக்ஸ் அடிச்சான். தேடுடா" என்றார். தேடினேன். இல்லை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது முதலாளி" என்று வேறு சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான்தான் மறந்திருப்பேன்டா. வயசாச்சில்ல" என்றார். அன்றிலிருந்து பேரத்தை மகனிடம் விட்டுவிட்டார். தான் சாயா குடித்தாயிற்றா என்பதைக்கூட எங்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சில வாரம் கழித்து, டைப்பிஸ்ட் சேச்சியிடம் பீற்றிக்கொள்வதற்காக, எல்லாச் செய்தியின் முடிவிலும் வரும் வணக்க வார்த்தைகளைத் தேடிக் காட்டினேன். பாதிச் செய்திகள் வரவில்லை. சேச்சி சிரித்தார். வராத டெலக்ஸ் ஒன்றை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். டெலக்ஸ் இயந்திரத்தில் வரி நிரம்பி மணி அடித்தால், வாக்கியம் பாதியில் நின்றாலும் வரி மாறிவிடும். நானோ வரி வரியாக ஜோடி கட்டியிருந்தேன். வரியின் கடைசி வார்த்தைக்கும் அடுத்த வரியின் முதல் வார்த்தைக்கும் என் புரோகிராமில் உறவே கிடையாது. திருத்தி ஓட்டினேன். முதலாளி சொன்ன டெலக்ஸ் வந்து நின்றது: ‘அக்செப்டட்’ ஒரு வரியில், மிச்சம் அடுத்த வரியில்.

ஓடிப்போய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அப்போ எனக்கு ஓர்ம போகலையாடா?" மட்டாஞ்சேரியில் இருந்து இருந்து ஞாபகம் அவர் வாயில் ஓர்ம ஆகியிருந்தது.

"இல்ல முதலாளி. என் புரோகிராம்தான் தப்பு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டாதது இன்னும் வலித்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தார். ஞாபகசக்திக்கு வைத்தியர் கொடுத்த பிரம்மி நெய். யாருக்கும் தெரியாமல் தினமும் விழுங்கியிருக்கிறார்.

"மிச்சத்த நீ குடிடா" என்று நீட்டினார்.

குடித்தேன்.