மாஸ்டரின் கை

தேவசிகாமணி மாஸ்டர் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். 1976-இலிருந்து எங்கள் மாதா கோவிலில் பாடகர் குழுவை நடத்தி வந்தார். பாட்டு பிசகினால் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்ப் பனியில் நிற்பார். யாராவது போய்க் கெஞ்சி அழைத்து வர வேண்டும். என் பேக்கரியை அப்படியே போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் பாடும் என் தலையில்தான் அது விழும். என்ன பாவம் செய்தேனோ!

குழுவில் பாதிப் பேர் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள். பறிப்பில் எப்போதும் முன்னால் போகிறவள் ஜெயமேரி. 1987-இல் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் சரிவில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள்.

அன்று ஒத்திகையில் மாஸ்டர் கையைத் தூக்கினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி தூக்கினார். நாலு பேர் நாலு இடத்தில் ஆரம்பித்தார்கள். எல்லார் கண்ணும் ஜெயமேரி நிற்கிற காலி இடத்தில் இருந்தது.

"ஏனுங்க, என்னாச்சு உங்களுக்கெல்லாம்?"

முன்வரிசைச் சென்னம்மாள் சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு வாய் நிற்குமா?

"ஜெயமேரியக்கா தாடையத் தூக்குனாத்தானுங்க மாஸ்டர் நாங்க பாட்ட எடுப்போம். காட்டுலயும் அக்கா நகந்தாத்தானுங்க நகருவோம். பழகிருச்சுங்க."

"அப்ப என்ற கை?"

"அது பாட்டுக்கு ஆடுமுங்க. நொம்ப அழகா இருக்கும்."

மாஸ்டர் கோபப்படவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தங்கராஜ், நீங்களும் தாடையத்தான் பாத்தீங்களா?"

சத்தியமாக எனக்கே தெரியவில்லை. நான் சென்னம்மாளின் முதுகு நிமிர்வதைப் பார்த்து எடுப்பவன். அதை எந்த வாயால் சொல்ல?

"பதினோரு வருசமா நான் என்னதானுங்க பண்ணீட்டிருந்தேன்? ஃபாதர்ட்டச் சொல்லிட்டு நின்னுக்கறேன். எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

அவர் நின்றுவிட்டால் எங்களுக்கு வேறு ஆள் ஏது? மறுநாளே அவரை மொபெட்டில் ஏற்றி வெள்ளக்கடை ஊரில் ஜெயமேரி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் நேராகக் கேட்டார். அவள் விழித்தாள்.

"நானா? உங்க கையப் பாத்துத்தானுங்களே நான் எடுக்கறேன்! ஒரு நாளும் கண்ண எடுத்ததில்லீங்களே மாஸ்டர்."

"அப்ப இத்தன வருசமா உனக்கு ஒருத்திக்குத்தானா கையாட்டுனேன்?"

திரும்பும் வழியெல்லாம் மாஸ்டர் என் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். சந்தோஷமா வருத்தமா என்று கேட்க எனக்குப் பயம். ஃபாதரிடம் மட்டும் அவர் போகவில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் பார்ப்பதற்குத் தாடை இல்லை. பதினேழு பேரும் முதல்முறையாக மாஸ்டரின் கையையே பார்த்தோம். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. கை நடுங்கியது. நாங்களும் நடுங்கியே பாடினோம்.