எதிர்க்கடையின் விதைக்கிழங்கு

பெருமாள்மலையில் எங்கள் கடைக்குள் மேகம் வந்து போகும். கதவைச் சாத்தி வைத்தாலும் பலகை இடுக்கு வழியாக நுழைந்து, விதை மூட்டைகளின் மேல் சற்று நேரம் உட்கார்ந்திருக்கும். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி அங்கே வந்த எனக்கு, முதல் சில மாதங்கள் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே பிடிபடவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒருவர் பாதி உருவமாக வருவார், உரம் கேட்பார், வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் கரைந்துபோவார்.

சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு விதைக்கடை. அதை நடத்தியவர் என்னைவிட மூத்த பெண். கணவர் இறந்த பிறகு தனியாளாக நடத்தினார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர்தான் எப்போதும். போட்டிக்கடை என்பதால் எங்களுக்குள் பேச்சு கிடையாது. காலையில் இருவரும் வாசல் தெளிக்கும்போது பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

"அந்தம்மா கெட்டிக்காரி. கொஞ்சம் அசந்தா நம்ம யாவாரத்த முழுங்கிரும்" என்பார் என் கணவர்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் விதை உருளைக்கிழங்கு வந்தது. ஒரே வியாபாரி அனுப்பிய ஒரே லாரிச் சரக்கு. பாதி எதிர்க்கடைக்கு, பாதி எங்களுக்கு. அந்தம்மா முந்திக்கொண்டு பக்கத்துக் கிராமமான பள்ளங்கி விவசாயிகளுக்கு விற்றுவிட்டார். எங்கள் மூட்டைகள் அடுத்த நாள் போகவிருந்தன. என் கணவர் உரம் எடுக்க வத்தலக்குண்டுக்கு இறங்கியிருந்தார்.

அன்று விடிந்தபோது சாலையே காணவில்லை. அவ்வளவு மூடுபனி. அதற்குள் எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. சினிமா விளம்பரம் செய்யும் ஜீப்பின் குழாயில் வருகிற குரல். முதலில் மலையே பேசுவதுபோல் இருந்தது.

"எங்கடையில விதைக்கிழங்கு வாங்குனவங்க நட்டுராதீங்க. மிச்சக் கிழங்க அறுத்துப் பாத்தேன், நோய் இருக்கு. நட்டா மண்ணும் சேந்து கெட்டுரும். வித்தது நாந்தான். மூட்டைய நானே வந்து திருப்பி எடுத்துக்கிடுறேன்."

எதிர்க்கடைக்காரம்மாவின் குரல். ஒவ்வொரு சொல்லும் பனியில் நனைந்து, கொஞ்சம் தாமதமாக என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் மூட்டை ஒன்றைப் பிரித்தேன். அரிவாள்மணையில் ஒரு கிழங்கை நறுக்கினேன். வெள்ளைவெளேர் என்று இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். மனசு லேசானது. அதற்கடுத்த கிழங்கை நறுக்கியபோது உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். விரலால் அழுத்தினேன், சீழ் போல் கசிந்தது.

கடையில் நான் மட்டும்தான். எதிர்க்கடைக்காரம்மா சொன்னது அவருடைய கடையைப் பற்றி மட்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பள்ளங்கி முழுவதும் எங்கள் பக்கம் வந்துவிடும். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் குரல் நெருங்கிக்கொண்டே இருந்தது. "வித்தது நாந்தான், வித்தது நாந்தான்" என்று அது வரவர, என் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போய்விட்டன. கையைக் காட்டி ஜீப்பை நிறுத்தினேன்.

"அக்கா, எங்க மூட்டையிலயும் இருக்கு."

அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறு தங்கச்சி, வெரசா ஏறு. பள்ளங்கியில வெள்ளனே நட ஆரம்பிச்சிருவாங்க."

வளைவுகளில் ஜீப் மிதந்து போனது. பள்ளம் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யூகலிப்டஸ் வாசனை மட்டும் கூடவே வந்தது.

"பயமா இல்லையாக்கா?"

"இல்லாமயா?" மைக்கை மடியில் இறக்கி வைத்தார். "கட போனா நான் வேற சோலி பாத்துக்கிடுவேன். மண்ணு போனா அவங்க எங்க போவாங்க?"

பள்ளங்கியில் ஒரு தம்பதி ஏற்கெனவே பாதிக் கிழங்கை ஊன்றியிருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தார்கள். அந்த மனிதர் மண்வெட்டியை வீசி எறிந்தார்.

"தோட்டத்து லயத்துல கெடந்தோம். இங்க வந்தும் கூலிதான். இப்பத்தான் நமக்குன்னு ஒன்ன ஊன்டுனோம். அதுலயுமா மண்ணப் போடுறீங்க?"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாத்தியில் உட்கார்ந்து கிழங்குகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கினார். நானும் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் குந்தினார். பிறகு அந்த மனிதரும் வந்தார். வெண்மைக்குள் ஈர மண்ணைக் கிளறும் சத்தம் மட்டும். எந்தக் கை யாருடையது என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஒரு காலைப்பொழுதுதானா, பல நாட்களா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம் உண்டு.

என் கணவர் திரும்பியபோது மூட்டைகள் எல்லாம் வெளியே கிடந்தன.

"யாரக் கேட்டு எறக்குன?"

"யாரையும் கேக்கல. இதப் பாருங்க." நறுக்கிய பாதியைக் கையில் கொடுத்தேன்.

"அந்தம்மா சொல்லிக் குடுத்துச்சா?"

"அது அதோட மூட்டையப் பத்திச் சொல்லுச்சு. நம்ம மூட்டையப் பத்தி நாந்தான் சொன்னேன்."

கிழங்கை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனார். இரண்டு கடைச் சரக்கையும் ஒரே குழியில் சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

அனுப்பிய வியாபாரி கடைசியில் கைவிரித்துவிட்டார். எங்களுக்கும் யாரும் மாலை போடவில்லை. கொஞ்ச காலம் இரண்டு கடைகளையும் 'நோய்க்கிழங்குக் கடை' என்றுதான் ஊர் சொன்னது. அந்த மழைக்காலம் முழுவதும் ரொம்பவே இறுக்கிப் பிடித்துத்தான் சாப்பிட்டோம். அந்தத் தம்பதி அந்த நிலத்தில் பீன்ஸ் போட்டார்கள், நன்றாக வந்தது. மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். "நல்ல வெதையா?" என்று கேட்பார்கள். நாங்கள் ஆமாம் என்றால் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

எண்பதுகளில் கணவர் லாரித் தொழிலுக்குப் போய்விட, கடை முழுவதும் என் பொறுப்பானது. ஒருநாள் காரில் ஒரு ஏஜென்ட் வந்தார். அவர் கொண்டுவந்த பூச்சிமருந்துப் பெட்டிகளில் பழைய லேபிளின் மேல் புது லேபிள் ஒட்டியிருந்தது. விவசாயிகள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே லேபிளை நகத்தால் கீறி, அடியிலிருந்த பழைய தேதியைக் காட்டி, வேண்டாம் என்றேன். பெட்டியை அவர் பக்கமே தள்ளினேன்.

அவர் சிரித்தார். "எல்லாக் கடையிலும் எடுத்துக்கிட்டாங்க மேடம்."

"எதுத்த கடையில எடுத்தாங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்டிகளை மூடிக் காரில் ஏற்றினார்.