இரண்டாவது வயலின்

திண்டிவனத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் நானும் என் தோழியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வயலின் வாசித்தவர்கள். நான் விழுப்புரத்தில் பள்ளி இசை ஆசிரியன் ஆனேன்; முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரி. அவள் வெளிநாடு போனாள். போன வருடம் அவள் தலைமையில் ஒரு ஜாஸ் ஆல்பம் வந்தது. சாக்ஸபோனும் டிரம்ஸும் பின்னால் வர, அவளுடைய வயலின் முன்னால் நின்று ஜெபம் செய்வது போன்ற இசை.

என் மனைவி சமைக்கும்போதெல்லாம் அதைப் போட ஆரம்பித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இத கேட்டுக்கினு இருந்தா மனசு அப்படியே அடங்கிப் போவுதுங்க.”

“நானுந்தான் வயலின் வாசிக்கிறேன்.”

“நீங்க வாசிச்சா என்ன பாட்டுன்னு தெரியுது. இதுல ஒண்ணும் தெரியல, ஆனா அழுகை வருது.”

அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். உப்பு இருந்தது.

ஜனவரியில் தோழி ஊருக்கு வந்தாள். சர்ச் ஹாலில் வாசிக்கப் போவதாகக் கூப்பிட்டாள். ஏதாவது பிசகும், பார்க்கலாம் என்றுதான் மனைவியோடு பஸ் ஏறினேன். ஒன்றும் பிசகவில்லை. கடைசியில் என்னை மேடைக்கு அழைத்து இன்னொரு வயலினைக் கொடுத்தாள்.

“நீ கீழ் சுரம் ஒண்ண மட்டும் இழுத்துக்கினு இரு. நான் அதும் மேல சுத்தி வர்றேன்.”

“என்னைத் தம்புரா ஆக்கறியா?”

“உன் கை நடுங்காது, அதான் கூப்டேன்.”

இழுத்தேன். அவள் மேலே மேலே போனாள். முன் வரிசையில் என் மனைவி கண்ணை மூடியிருந்தாள். அதைப் பார்த்ததும் சுரத்தை விட்டுவிட்டு நானும் பாய்ந்தேன். தோழி கோபப்படவில்லை. நான் விட்ட சுரத்தைத் தானே எடுத்துக்கொண்டு எனக்கு வழிவிட்டாள். கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு விரலில் வந்ததெல்லாம் கல்யாண மேடையில் தேய்ந்த துண்டுகள். அவையும் தீர்ந்தன. கீழே அவள் சுரம் ஆடாமல் நின்றது. அந்த ஒற்றைச் சுரத்தைக்கூட என்னைவிட நன்றாக வாசித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். “நடுவுல நீங்க வாசிச்சது நல்லா இருந்துச்சுங்க. ஏன் சட்டுனு நிறுத்திட்டீங்க?” என்றாள்.

“கை வலிச்சுது” என்றேன்.

போன வாரம் தோழி போன் செய்தாள். சென்னையில் பதிவு செய்யும் அடுத்த ஆல்பத்தில் நான் இரண்டாவது வயலின் வாசிக்க வேண்டுமாம். வர்றேன் என்று சொல்லிவிட்டேன். பொறாமை இம்மியும் குறையவில்லை. அதோடுதான் சென்னைக்குப் போகிறேன்.