ரக்னாவின் ஒரே டேக்

நார்வேயின் ஸ்கார்வோய் துறைமுகத்துப் பெண்கள் எல்லாரும் ரக்னாவின் கடையில்தான் முடி வெட்டிக்கொள்வார்கள். தலையைக் கொடுப்பார்களே தவிர, அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். ஊர் முடியெல்லாம் வெட்டுகிறவள் தன் பின்னலில் மட்டும் கத்தரி படவிட்டதில்லை. அது இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

காரணம் ஊருக்கே தெரியும். 1945 மே மாதம், ஊரைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மன்காரன் கொடி இறங்கிய மறுநாள், இதே ஊர் அவளை மீன் பெட்டி மேல் உட்காரவைத்து மொட்டையடித்தது. ஜெர்மன் முகாமின் சமையல்காரன் ஒருவனை அவள் காதலித்திருந்தாள். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. "ஆமா, காதலிச்சேன். அதனால எவன் செத்தான்?" என்பாள்.

அவள் வயிறு எரிந்தது கத்தரியைப் பிடித்தவனை நினைத்துத்தான். ஹால்வர் கட்டட மேஸ்திரி. போர் நடந்த காலம் முழுக்க ஜெர்மன்காரனுக்கு முகாம் கட்டிக்கொடுத்துக் காசு பார்த்தவன். அந்த முகாம் சமையலறையில் அவளைப் பாத்திரம் கழுவச் சேர்த்துவிட்டவனும் அவனே. கொடி இறங்கிய அன்று எங்கிருந்தோ ஜெர்மன்காரனை எதிர்த்துப் போராடிய படையின் பட்டை ஒன்றைத் தேடிப்பிடித்துக் கையில் மாட்டிக்கொண்டான். தன் கை சுத்தம் என்று காட்ட அவனுக்கு யாராவது ஒருத்தியின் தலை வேண்டியிருந்தது. ஊர் வாயை மூடிக்கொண்டது. பாதி ஊருக்கு அவனிடம்தானே வேலை.

பதினாறு வருடம் கழித்து ஆஸ்லோவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்கார்வோயின் வீரத்தைப் படமெடுக்கிறார்களாம். அந்தப் படத்தில் நார்வேக்காரன் ஒருமுறை சுட்டால் மூன்று பேர் விழுவார்கள். ஜெர்மன்காரன் நாள் முழுக்கச் சுட்டாலும் குண்டு மரத்தில்தான் படும். கதாநாயகன் ஒரு மேஸ்திரி. உளவு பார்ப்பதற்காகவே முகாம் கட்டப் போனவனாம்! இந்தப் புளுகை இயக்குநர் ஃபால்சனின் காதில் ஓதியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? ஹால்வர்தான் படத்துக்கு ஆலோசகர்.

கடைசியில் விடுதலைக் காட்சி. துரோகிப் பெண்ணுக்கு மொட்டை, ஊரே கைதட்டிச் சிரிக்க வேண்டும். ஆஸ்லோ நடிகை தன் முடியைத் தொடவிட மாட்டேன் என்றாள். விக் வைத்துப் பார்த்தார்கள், குளோசப்பில் பல்லிளித்தது. நடிகைகளுக்குத் தலைவாரிவிட வந்திருந்த ரக்னா முன்னால் வந்தாள்.

"என் முடியை வெட்டிக்கோங்க சார். ஆனா ஒண்ணு, கத்தரிய ஹால்வர்தான் பிடிக்கணும்."

ஃபால்சனுக்கு வாயெல்லாம் பல். "அசல் மேஸ்திரியே வெட்டட்டும்! பிரமாதம்மா!"

ஹால்வர் அவள் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "என்னடி, பழசெல்லாம் மறந்துட்டியா?"

"நீ மறந்துட்டேன்னுதானே நானே வந்திருக்கேன்."

இது விக் இல்லை, மறுபடி எடுக்க முடியாது. வெட்டிய முடி ஒட்டாது. ஃபால்சன் எல்லாரையும் எச்சரித்தார். "ஒரே டேக்தான்! சத்தம் அப்புறமா ஸ்டுடியோவுல சேத்துக்கலாம். நீ கத்து, அழு, என்ன வேணாலும் பண்ணும்மா."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். கேமரா ஓடத் தொடங்கியது. ஹால்வர் பின்னால் நின்று பின்னலைப் பிடித்தான். அவள் அழவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

"ஹால்வர், முகாம் கட்டினது நீ. காசு வாங்கினது நீ. என்னை அங்க சேத்துவிட்டது நீ. மொட்டை மட்டும் எனக்கா?"

துணை நடிகர்களாக நின்ற ஊர் ஜனம் ஹால்வரைப் பார்த்தது. "சிரிங்கய்யா, சிரிங்க!" என்று ஃபால்சன் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. ஹால்வர் கத்தரியை ஒரு கணம் நிறுத்தினான். கேமரா ஓடுகிறதே, நிஜக் கதாநாயகன் கத்தரியைக் கீழே போட முடியுமா? வெட்டி முடித்தான்.

அன்று மாலையே அந்தக் காட்சியைத் தூக்கச் சொல்லி மன்றாடினான். "சத்தமே இல்லையே அண்ணே, யாருக்குப் புரியப்போகுது?" என்று ஃபால்சன் அவன் முதுகில் தட்டினார்.

ஆஸ்லோவில் யாருக்கும் புரியவில்லைதான். துரோகிப் பெண் தேசத்திடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுக்கிறாள் என்று ஒரு பத்திரிகை உருகி எழுதியது. ரக்னா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

படம் ஸ்கார்வோய்க்கு வந்தபோது ஊர் தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஹால்வர் முதல் வரிசையில் மெடலோடு உட்கார்ந்திருந்தான். திரை முழுக்க ரக்னாவின் முகம் வந்தது, வாத்தியங்கள் முழங்கின. பின்வரிசையில் இருந்த மீன் தொழிற்சாலைப் பெண்கள் அவள் உதட்டோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்: "முகாம் கட்டினது நீ. காசு வாங்கினது நீ..." முடிவதற்குள் பாதித் தியேட்டர் சேர்ந்துகொண்டது.

படத்துக்கு அரசாங்கப் பாராட்டு கிடைத்தது. அதனால் விடுதலை நாளான மே எட்டாம் தேதி ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறது. ஸ்கார்வோய்ப் பிள்ளைகளுக்கு அந்த வசனம் மனப்பாடம்.

சில வருடம் கழித்து ஹால்வரின் மருமகள் தோர்டிஸ் முடி வெட்டிக்கொள்ள வந்தாள். மாமனாரோடு அவளுக்கு எப்போதும் ஆகாது.

"நேத்து படம் பாத்துட்டு வந்து எங்க சின்னவ சாப்பாட்டு மேசையில அப்படியே நடிச்சுக் காட்டினா, அக்கா. தாத்தா முகத்தைப் பாத்துக்கிட்டே. வசனத்துல வர்ற 'நீ' தாத்தாதான்னு அவளுக்குத் தெரியாது."

குழந்தை பாவம் என்று ரக்னாவுக்கு ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

"அவன் என்ன சொன்னான்?"

"தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டாரு. கண்ணுல தண்ணி."

ரக்னா கத்தரியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு தோர்டிஸின் எதிரே உட்கார்ந்தாள்.

"மறுபடி சொல்லு," என்றாள். "முதல்லேர்ந்து, மெதுவா."