இரண்டு பிரஷர்

எங்கள் ஆட்களிடம் பிரஷர் என்றால் ரத்த அழுத்தம் மட்டும்தான். ஐம்பதைத் தாண்டிய லண்டன் தமிழருக்குப் பிரஷரும் சீனியும் இல்லாவிட்டால் கலியாண வீட்டில் கதைக்க விஷயமே கிடையாது. அதனால் "கண்ணில் பிரஷர்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கறிக்கு உப்பைக் குறைக்கச் சொன்னேன். சில வாரம் சப்பென்று சாப்பிட்ட பிறகுதான் அது கிளாக்கோமா, கண்ணுக்குள் ஏறும் அழுத்தம், பார்வை நரம்பையே தின்றுவிடும் என்று மனைவி விசாரித்துச் சொன்னாள். வயரிங் வேலை பார்ப்பவன் நான். கண் போனால் பிழைப்பும் போச்சு.

சொட்டு மருந்து தந்தார்கள். அதை நான் மனதார வெறுத்தேன். கண் எரியும், சிவக்கும். இமைமயிரும் நடிகைக்கு வளர்வதுபோல் வளர்ந்தது. ஆர்ச்வே கோயிலில் தெரிந்தவர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டு மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். குடிக்காமலே கெட்ட பெயர்.

அந்த நேரம் பார்த்து வால்தம்ஸ்டோவிலிருந்து மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. லண்டனுக்கு வருமுன், கஞ்சாவைக் கடையில் வைத்து விற்கும் ஹொலண்டில் தக்காளி பொதி செய்தவன். அந்தத் தகுதியில் கஞ்சா பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"அத்தான், உந்தச் சொட்டை விட்டெறியுங்கோ. கஞ்சா கண் பிரஷரை இறக்குமாம். இஞ்சையே டொக்டர்மார் சில வருத்தத்துக்கு எழுதிக் குடுக்கினம். கேட்டுப் பாருங்கோ."

எப்படியும் சிவந்த கண் என்று பெயர் வாங்கியாயிற்று, அதற்குரிய பொருளையாவது அனுபவிக்கலாமே என்று எனக்கும் பட்டது. அடுத்த முறை போகும்போது கேட்டுவிட்டுச் சொட்டை நிறுத்துவது என்று முடிவெடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கொலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்கு நடந்தபோது மனைவி வழக்கம்போல் என் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள். கொஞ்சக் காலமாகவே இப்படித்தான். இந்த வயதில் இப்படியொரு பாசமா என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மெஷின் இடைக்கிடை தூங்கிப் போனது. பழசாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் இங்கே பிறந்த தமிழ்ப் பெண். நான் கஞ்சாவைக் கேட்டதும் சிரித்தாள்.

"குறைக்கும் அங்கிள். பட் மூண்டு நாலு மணித்தியாலம்தான். நித்திரையிலையும் எழும்பி எழும்பி எடுக்கோணும். பிறகு எப்பிடி ஏணியிலை ஏறுவீங்கள்? அதோடை மற்றப் பிரஷரையும் இறக்கிப்போடும்."

"ரெண்டு பிரஷரும் இறங்குமோ? அப்ப நல்லதுதானே பிள்ளை!"

"இல்லை அங்கிள்." சிரிப்பு நின்றுவிட்டது. "ரத்தப் பிரஷர் விழுந்தால் கண் நரம்புக்குப் போற ரத்தமும் குறையும். நரம்பு செத்தால் திரும்பி வராது. இதுக்கு நாங்கள் கஞ்சா குடுக்கிறேல்லை. சொட்டுத்தான்."

பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் படத்தில் இடது ஓரம் கறுத்துக் கிடந்தது. மெஷின் தூங்கவே இல்லையாம். புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தனவாம். அந்தப் பக்கம் எனக்குத்தான் தெரியவில்லை. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்றாள். பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

வெளியே வந்ததும் மனைவி மறுபடி என் இடப்பக்கம் வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்ப தொடக்கம் தெரியும் உனக்கு?"

"நீங்கள் கோயில்லை தூணோடை இடிபட்டுப்போட்டு, அதிட்டை 'சொறி' எண்டு மன்னிப்புக் கேட்டியளே, அண்டைக்கு."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் சண்டைக்கு வருவியள். பக்கத்திலை நடக்கிறது சுகம்."

அது உண்மைதான். கட்டாயம் சண்டை பிடித்திருப்பேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து நானே தலையை நிமிர்த்திக் கொடுத்தேன். அவள் சொட்டை விட்டாள். வழக்கம்போல் எரிந்தது. அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டே கையால் தேடிப் பார்த்தேன். இடப்பக்கம்தான் நின்றாள்.